குளிசைக்குத் தெரியாது நீங்கள் மலைக்குப் போனது

கல்லடியில் என் மாலைக் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மாவுக்கு 64 வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். வலது காலில் மேசு போட்டிருந்தார். ஓகஸ்ட் வெயிலில் மட்டக்களப்பில் மேசு போட்ட அம்மா ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கழற்றச் சொன்னேன். கழறவில்லை, பாதத்தோடு ஒட்டிப்போய் இருந்தது. சேலைன் ஊற்றி ஊறவைத்து உரித்தெடுக்கப் பத்து நிமிடம் போனது. குதிகாலிலும் சின்னவிரல் ஓரத்திலும் தோல் கழன்று, ஓரம் வெளுத்து, நடுவில் சிவந்து கிடந்தது.

"நோகுதா அம்மா?"

"இல்ல மனே. நொந்தா முதலே வந்திருப்பன்தானே."

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன், அம்மாவைப் பண்டாரவளைப் பக்கம் ஒரு வெல்னஸ் ரிசோர்ட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஐந்து நாள் பேக்கேஜ்: எண்ணெய்த் தேய்ப்பு, நீராவிக் குளியல், மூலிகைக் கஞ்சி, யோகா. முதல் இரவே குளிர் தாங்கவில்லை என்றதும், அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒன்று அக்கறையோடு சுடுதண்ணிப் பை ஒன்றைக் கொண்டுவந்து போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துவிட்டது. அம்மா அதன்மேல் காலை வைத்தபடி விடியும் வரை நல்ல நித்திரை. நீண்டநாள் சீனியால் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன. அவருக்குச் சூடு தெரியவில்லை, கொப்புளம் தெரியவில்லை. நான்காம் நாள் கட்டில் விரிப்பில் கறையைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். 60 பாகைத் தண்ணீர் தோலைச் சுட ஐந்து விநாடி போதும். 50 பாகைக்கும் சில நிமிடம் காணும். மரத்த காலுக்கு ஒரு முழு இரவு கிடைத்தது.

மூன்று மாதம் மருந்து கட்டினோம். சின்னவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

மலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே வருடத்துக்கு ஒருமுறை போகிறவன். செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பதுளை என்று ஏறும்போது காற்று மாறும் இடத்தில் வான் கண்ணாடியை இறக்குகிற சுகத்துக்கு ஈடு கிடையாது. என் பயம் வேறு. உங்கள் குளிசையின் அளவு, நீங்கள் வீட்டில் சாப்பிடும் சோற்றுக்கும் குடிக்கும் தண்ணீருக்கும் நடக்கும் நடைக்கும் ஏற்றபடி கிளினிக்கில் பார்த்துப் பார்த்து வைத்தது. ரிசோர்ட்டில் இந்த மூன்றும் ஒரே நாளில் மாறிவிடும். குளிசை மட்டும் மாறாமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இன்னொருவர், ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர், நுவரெலியாவில் ஒரு விடியற்காலை யோகா மண்டபத்தில் சரிந்து விழுந்தார். அவர் சீனியை இறக்கும் கிளிக்லசைட் குளிசை போடுகிறவர். பேக்கேஜில் முதல்நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. பகலில் கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீர். இரண்டுக்குமே சீனியை இறக்கும் குணம் உண்டு. வழக்கப்படி இரவுக் குளிசையையும் இவர் விடவில்லை. ஆகச் சீனியை இறக்க மூன்று பேர், ஏற்ற ஒருவரும் இல்லை. விழுவதற்கு முன் கழுத்தெல்லாம் வியர்த்ததாம், பயிற்சி செய்த வியர்வை என்று நினைத்துவிட்டார். அந்தக் குளிரில், அதுவும் சும்மா இருக்கும்போது வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது சீனி இறங்கின வியர்வை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணித்தியாலத்தில் விரலில் குத்திச் சீனியைத் திரும்பப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அழையுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகைக் குளிசைகளால் இறங்கிய சீனி ஒருமுறை ஏறிவிட்டுத் திரும்பவும் இறங்கலாம். அதனால் தெளிந்துவிட்டது என்று அறைக்குப் போய்ப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெட்போர்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி விழும் பயம் குறைவு. ஆனால் எம்பாகிளிபுளோசின் போடுகிறவர் பட்டினி கிடந்தால் வேறு ஆபத்து: சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும். வாந்தியும் வயிற்றுவலியும் வரும். 'உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறுகிறது' என்று அங்கே விளக்கம் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள்.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு தனிச் சண்டை உண்டு. நஞ்சை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்கின்றன. அந்தச் சிறுநீரகத்தையே நோகடிக்கும் வழியும் இந்தப் பேக்கேஜுக்குள் இருக்கிறது. பேதிக்குக் கொடுப்பார்கள், அடுத்து நீராவிப் பெட்டிக்குள் இருத்துவார்கள். உடம்பில் நீர் வற்றும். லொசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசையும் புரூஸ்மைட் போன்ற நீர்க்குளிசையும் போடுகிறவருக்கு, நீர் வற்றிய நேரத்தில் அவையே சிறுநீரகத்துக்குச் சுமை. இடுப்புவலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோபினக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேதி எடுக்கும் நாட்களில் எந்தக் குளிசையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைப் போவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நான் சித்த, ஆயுர்வேத வைத்தியத்துக்கு எதிரி இல்லை. சின்ன வயதில் என் கை பிசகியபோது கட்டுப்போட்டவர் எங்கள் ஊர்ப் பரியாரிதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் முறையாகப் படித்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப் படித்த வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன்பே 'என்ன குளிசை போடுறீங்க' என்று கேட்பார். ரிசோர்ட்டில் எண்ணெய் தேய்க்கும் பிள்ளை மூன்று மாதப் பயிற்சியோடு வந்திருக்கலாம். அதனால் பதிவு செய்யும்போதே கேளுங்கள்: ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர் அங்கேயே தங்கியிருக்கிறாரா, வந்து போகிறவரா? இரவில் ஒன்று என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? கையில் தந்துவிடும் லேகியம், சூரணப் போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? 2004, 2008 இரண்டு வருடங்களிலும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுகளில், அந்நாட்டில் கடையிலும் இணையத்திலும் வாங்கிச் சோதித்த ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. பெயரில்லாத போத்தலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதிமதுரம் அதிகம் சேர்ந்த கஷாயம் பிரஷரை ஏற்றும் என்பதையும் பிரஷர்காரர் தெரிந்துவைத்திருங்கள்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். ரிசோர்ட்டில் அவருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். முழுவதும் ஆங்கிலம். நிரப்பியது மகன். 'மருந்து ஏதும் எடுக்கிறீர்களா' என்ற இடத்தில் 'இல்லை' என்று குறியிட்டிருக்கிறார். பொய் சொல்ல அல்ல, அம்மாவின் குளிசைப் பையை அவர் கண்டதே இல்லை. வருடத்தில் மூன்று வாரம் வருகிற பிள்ளைக்கு அம்மா வருத்தத்தைக் காட்டுவாரா, பால்சோறு காய்ச்சிக் கொடுப்பாரா? பிள்ளைகளே, பணம் கட்டுவதற்கு முன் கிளினிக் கொப்பியை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் படத்தைப் போனில் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வேறு சில, சுருக்கமாக. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். மலையேறுவதால் வரும் நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும், நம் நாட்டின் உச்சியான பீதுருதாலகாலையே 2524 மீற்றர்தான். ஆகவே நாலு படி ஏற மூச்சு வாங்கினால் 'உயரம்தானே' என்று விட்டுவிடாதீர்கள், அது இதயமாக இருக்கலாம். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். இன்சுலினை வான் டாஷ்போட்டில் வைக்காதீர்கள். ஹொட்டல் அறைக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் பிடிக்கும் பக்கத்திலும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். போகும் வழியில் மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் இறங்குகிறவர்கள் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு என்பதை நினைவில் வைத்து, முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கால் மரத்தவர் காலை விடவே வேண்டாம். நடைபாதையில் அட்டை கடித்தால் அன்றிரவே விரலிடுக்கு வரை பாருங்கள்.

ஐந்தாம் நாள் ரிசோர்ட்டில் குத்திப் பார்த்து 110 என்றதும் குளிசையை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறவர்கள் உண்டு. அந்த 110ஐத் தந்தது குறைந்த சோறும் காலை நடையும் போன் இல்லாத நித்திரையும். அவை நல்லவைதான். ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாளே இறால் கறியும் சோறும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பார்த்த பிறகு குளிசையைக் குறைப்பதைப் பேசலாம்.

போன வாரம் அந்த அம்மா கால் காட்ட வந்தார். காயம் நன்றாக ஆறிவிட்டது. சித்திரைக்குப் பேத்தியோடு நுவரெலியா போகிறாராம், பூக்கள் பார்க்க. கொப்பியை நீட்டி, "இதுல தமிழ்லயும் எழுதித் தாங்க மனே, அங்க ஆரும் கேட்டா நானே காட்டுவன்" என்றார். எழுதினேன். கடைசி வரியை அவரே சொல்லி எழுதவைத்தார்: சுடுதண்ணிப் பை வேணாம், ரெண்டு சோடி மேசு.