ச ஊதினால் மேல் ப வரும் குழல்

கோவை பீளமேட்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடி. சில வாரங்களாக அங்கே ஒரே ஒரு துணுக்குதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. புதிதாக எழுதப்பட்ட கிளாரினெட் கன்சர்டோ (கிளாரினெட்டை முன்னிறுத்தும் இசைப்படைப்பு) ஒன்றை ஆர்கெஸ்ட்ராவோடு அவர் முதன்முதலாக மேடையேற்றப் போகிறார். இதுவரை யாரும் வாசிக்காத படைப்பு என்பதால், கேட்டுப் பழக ஒலிப்பதிவும் கிடையாது. "மத்ததெல்லாம் வந்துருச்சுங்க. இந்த நாலு ஸ்வரந்தான் ஒட்டவே மாட்டேங்குது" என்றார்.

ஏன் ஒட்டவில்லை என்பதற்கு விடை குழலுக்குள் இருக்கிறது.

பேரூர் கோயிலில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். அதில் ச வாசிக்கும்போது விரலை மாற்றாமல் காற்றை இறுக்கினால் மேல் ச வரும். கிளாரினெட்டில் விரல்களை அப்படியே வைத்து, இடது கட்டைவிரலால் மேலே உள்ள சின்னச் சாவியை (துளையைத் திறக்கும் உலோக நெம்புகோலை) மட்டும் அழுத்தினால், மேல் ச வராது. அதையும் தாண்டி மேல் ஸ்தாயி ப வரும்!

இரண்டுமே சீவாளி, ரீடு என்று நாணல் தட்டை அதிர்ந்து ஒலிப்பவைதான். வித்தியாசம் குழலின் வடிவத்தில். நாதஸ்வரம் கீழே போகப் போக விரியும் கூம்பு. கிளாரினெட் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள நேர்க்குழாய். அதன் ரீடு இருக்கும் முனை, ஒலியைப் பொறுத்தவரை அடைத்த முனை. ஒருபக்கம் அடைத்த நேர்க்குழாயில் காற்று அடிப்படை அதிர்வைப் போல 1, 3, 5 மடங்கில்தான் இயல்பாக அதிரும். 2 மடங்குக்கு இடமில்லை. ச 1 என்றால், 2 மேல் ச, 3 மேல் ப. கூம்பில் 2 மடங்கும் கிடைக்கிறது.

ஒரு முனை அடைபட்டிருப்பதால் ஒரு பெரிய லாபம் உண்டு. ஏறக்குறைய 2 அடி நீளமுள்ள மேற்கத்திய புல்லாங்குழலின் மிகக் கீழான ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே நீளமுள்ள கிளாரினெட் 147 வரை இறங்கும். அந்தக் கீழ் ஸ்தாயி நாதத்துக்காகவே இந்த வாத்தியத்தை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் விரல்களுக்குத்தான் பாடு. நாதஸ்வரத்தில் 7 துளைகளில் ஒரு ஸ்தாயியை முடித்து, அதே விரல்களோடு மேலே ஏறலாம். கிளாரினெட்டில் ச முதல் மேல் ப வரை 19 அரைஸ்வரப் படிகளை நிரப்பிய பிறகுதான் மேலே தாவ முடியும். அத்தனை சாவிகளும் அதற்காகத்தான். 1700 வாக்கில் நூரம்பெர்க்கில் டென்னர் என்ற கைவினைஞர் இந்தத் தாவலுக்கான சாவியைச் சேர்த்து உருவாக்கியதிலிருந்துதான் கிளாரினெட் வந்தது என்பார்கள்.

தாவும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குச் சற்று முந்தைய ஸ்வரத்தில் ஒரு சுட்டுவிரல் மட்டும் ஒரு சாவியை அழுத்தும், துளைகள் திறந்திருக்கும். அதைத் தாண்டியதும் ஏழெட்டு விரல்கள் ஒன்றாக இறங்க வேண்டும். ஒரு விரல் இம்மி தாமதித்தாலும் நடுவில் ஒரு கரகரப்பு கேட்கும். இசையமைப்பாளர் அந்த நாலு ஸ்வரத்தையும் சரியாகப் பள்ளத்தின் மேலேயே எழுதியிருந்தார்.

அப்புறம் எப்படித் தாண்டுவது? துளைகள் திறந்திருக்கும் இடத்தோடு காற்றுத்தூண் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு வெகு கீழே இருக்கும் துளைகளை மூடினாலும் ஸ்வரம் அவ்வளவாக மாறாது. ஆகவே வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைத்துக்கொள்ளலாம். இடது கைக்கு மட்டும்தான் வேலை மிஞ்சும்.

அரங்கேற்ற நாளில் ஏசி குளிர். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால் சுருதி இறங்கும். நண்பர் முன்னதாகவே ஊதிக் குழலைச் சூடாக்கிக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வருவதற்கு முன்பே மூன்று விரல்களும் துளைகளின் மேல் அமர்ந்திருந்தன. நாலு ஸ்வரமும் ஒரே மூச்சில் வழுக்கிப் போனது.