நீல முக்கோணம் தேனீக்காகப் போட்டதல்ல

போன பங்குனியில் ஒரு கத்திரித் தோட்டத்துக்காரர் துண்டில் உதிர்ந்த பூக்களை முடிந்துகொண்டு வந்தார். "பூ பூராவும் கொட்டுதுங்க. நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க."

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைதான் என் பிழைப்பு. ஆனாலும் தோட்டத்தைப் பார்க்காமல் டானிக் எழுதுவதில்லை. கத்திரியில் சூல்தண்டு, அதாவது பூவின் நடுவிலுள்ள பெண் தண்டு, குட்டையான பூக்கள் எப்படியும் கொட்டும். அவர் துண்டில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் சூல்தண்டு நீண்டவை. காயாகியிருக்க வேண்டியவை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். பையில் எப்போதும் ஒரு இசைக்கவை வைத்திருப்பேன், பள்ளிக்கூட ஆய்வகத்தில் தட்டி ஓசை கேட்போமே, அதுதான். மலர்ந்த பூ ஒன்றின் கீழே கறுப்புக் குடைத்துணியைப் பிடிக்கச் சொல்லி, இசைக்கவையைத் தட்டிப் பூவில் வைத்தேன். துணியில் வெளிர் மஞ்சளாகப் பொடி கொட்டியது. கத்திரியின் மகரந்தப் பை உப்பு டப்பி மாதிரி. நுனியில் மட்டும் துளை, அதிர்ந்தால்தான் நன்றாகக் கொட்டும். காற்றும் ஓரளவு ஆட்டிவிடும். ஆனால் நீலப்பட்டைத் தேனீயும், மரத்தைத் துளைக்கும் கருவண்டும் (வண்டு என்று பெயர், இதுவும் தேனீ இனந்தான்) செய்கிற அளவுக்கு வராது. இவை பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை விரிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

ஒன்பது மணிவரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வந்தவை இரண்டே இரண்டு.

"அந்த வண்டுங்களா? காய்ப்புழுவுக்கு அடிக்கையில அதுகளும் சேர்ந்து போகட்டும்னு நெனைச்சேனுங்க."

ஐந்து நாளைக்கு ஒருமுறை அடித்திருக்கிறார். மோட்டார் அறையில் கிடந்த தயாமீத்தாக்ஸம் என்ற பூச்சிமருந்து டப்பாவைக் காட்டி, "நீல முக்கோணந்தானே, அவ்வளவு விஷமில்லைன்னு கடையில சொன்னாங்க" என்றார். அங்கேதான் வினையே. மருந்து டப்பாவின் மேல் முக்கோணத்தில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்கிற அந்த நிறங்கள் எலிக்குக் கொடுத்துப் பார்த்து, மனிதர்களை எச்சரிக்கப் போட்டவை. எலியின் எடையில் கிலோவுக்கு 501 முதல் 5000 மில்லிகிராம் வரை உள்ளே போனால்தான் பாதி எலிகள் சாகும் என்றால் நீலம். அதே மருந்து தேனீயின் வயிற்றுக்குள் போனால், பாதித் தேனீக்கள் சாக ஒன்றுக்குச் சுமார் 5 நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராமில் 20 கோடித் தேனீக்களுக்கான அளவு இருக்கிறது. செடியின் சாற்றில் ஊடுருவும் மருந்து என்பதால் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். தாய்த்தேனீ அந்த மகரந்தத்தைத்தான் குஞ்சுக்கு உணவாக வைக்கிறது.

"பெட்டித் தேனீ நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்வீடனில் கடுகு இனப் பயிர் வயல்களில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. தயாமீத்தாக்ஸத்தின் இனத்தைச் சேர்ந்த க்ளோத்தியானிடின் பூசிய விதை போட்ட வயல்களில் பெட்டித் தேனீக் கூட்டங்களுக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆனால் காட்டுத்தேனீக்கள் குறைந்தன; தனித்து வாழும் ஒருவகைத் தேனீ அந்த வயல்களில் கூடே கட்டவில்லை. காரணம் புரியாததல்ல. பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேலைக்காரர்கள், நூறு போனாலும் ராணி ஈடுகட்டும். நீலப்பட்டைத் தேனீயோ ஒண்டிக்கட்டை. வரப்பு மண்ணில் தானே துளைத்து, தானே மகரந்தம் சுமந்து, தானே முட்டையிட வேண்டும். அது செத்தால் அந்தக் கூடு அத்தோடு சரி.

ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், க்ளோத்தியானிடின், தயாமீத்தாக்ஸம் என்ற ஒரே இன மருந்துகள் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் தடை போட்டது. நம் கடைகளில் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அப்புறம், "சாயங்காலம் அடியுங்கள், தேனீ தப்பிக்கும்" என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். கூட்டுக்குத் திரும்பும் தேனீக்கு அது சரி. நீலப்பட்டைத் தேனீயின் ஆணுக்குக் கூடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் டேங்கைத் தோளில் மாட்டுகிறோம். நானும் பல வருடம் அப்படியே சொல்லி வந்தவன்தான்.

"அப்ப எப்பத்தானுங்க அடிக்கிறது?" என்றார் எரிச்சலாக. நியாயமான எரிச்சல்தான், காய்ப்புழு விழுந்த காயை யாரும் வாங்க மாட்டார்கள். நாள் கணக்கு வைத்து அடிப்பதை முதலில் நிறுத்தச் சொன்னேன். வாடிய நுனிகளை வாரம் இரண்டு முறை கிள்ளி, புழுவோடு அழிக்க வேண்டும். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்ட வேண்டும். அதையும் மீறிப் போனால் மட்டும் மருந்து, அதுவும் கடைக்காரர் சொல்லும் கலவையாக வேண்டாம். சில பூஞ்சைக்கொல்லிகள் சேர்ந்தால் சில பூச்சிமருந்துகளின் வீரியம் தேனீக்குப் பல மடங்காகும்.

வைகாசியில் அந்தப் பக்கம் போனேன். நுனி கிள்ள ஆள் கூலி கட்டுபடியாகவில்லை என்று புலம்பினார். ஆனாலும் பொறி கட்டியிருந்தார். வேலியோரம் பட்டுப்போன முருங்கையை வெட்டாமல் விட்டிருந்தார். அதன் தண்டில் விரல் நுழையும் அளவு வட்டத் துளை ஒன்று, கீழே புதிதாக விழுந்த மரத்தூள். "ஒரு கருவண்டு குடிவந்திருக்குதுங்க" என்றார்.