எம்பி3-ஐ வேவ் ஆக்கினால் பாட்டின் தரம் கூடாது

"அண்ணே, இதை ஹெச்டி ஆக்கி சிடி-ல போட்டுக் குடுங்க" என்று பென் டிரைவை நீட்டுகிறார்கள். உள்ளே இருப்பது, என்றைக்கோ முளைப்பாரி கும்மியில் டேப்பில் பிடித்த பாட்டியின் குரல். கேசட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்துப் பதிந்து, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக நாலு கை மாறி வந்த கோப்பு. கேசட் எங்கே என்று கேட்டால், "அதான் போன்ல ஏத்தியாச்சே, தூக்கிப் போட்டுட்டோம்" என்கிறார்கள். சித்திரைத் திருவிழா நெருங்க நெருங்க உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து இப்படி வருவது கூடிக்கொண்டே போகிறது. பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பில் இல்லாத ஒலியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆடியோ சிடியின் அளவு 44,100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை தடவை ஒலியை அளக்கிறது), 16 பிட், ஸ்டீரியோ. நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3-இல் இருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. காதுக்கு அவ்வளவாக எட்டாது என்று கணக்குப் போட்டு எம்பி3 கழித்த ஒலி போனது போனதுதான். அதை, ஒலியைக் கழிக்காமல் வைக்கும் வேவாகவோ ஃபிளாக்காகவோ மாற்றினால் கோப்பு பருக்கும், பாட்டு அப்படியே இருக்கும். 128-ஐ 320 எம்பி3 ஆக்கினால் இன்னும் மோசம், இரண்டாம் தடவையும் கழிவு நடக்கிறது. எம்பி3-ஐ ஆடியோ சிடியாக எழுதும்போதும் இதே கதைதான்: ரைட்டிங் மென்பொருள் அதை 1,411 கிலோபிட்டாக விரித்து எழுதும், ஆனால் விரிந்த இடத்தில் புதிதாக எதுவும் இருக்காது. நம்பிக்கை வராவிட்டால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 128 எம்பி3 என்றால் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்தாற்போல் வெறுமையாக இருக்கும். '320 ஹெச்டி' என்று பெயர் சூட்டி இறக்கித் தரும் எத்தனையோ பாட்டுகளிலும் அதே வெறுமையைப் பார்க்கலாம்.

'என்ஹான்ஸ்' பொத்தான்கள் பெரும்பாலும் செய்வது பேஸையும் ட்ரெபிளையும் தூக்குவது, சத்தத்தைக் கூட்டுவது. கூட்டிய சத்தம், கோப்பு தாங்கும் உச்சமான 0 டெசிபலைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஏஐ கருவிகளில் பல, பேச்சைத் தெளிவாக்கச் செய்தவை. கும்மியின் கைதட்டையும் உருமியையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

மேம்படுத்த வேண்டிய இடம் கேசட். டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஒலி மந்தமாகக் கேட்டால், ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்குடன் இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்புங்கள். மோனோவில் கேட்கும்போது எங்கே குரல் பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்தக் கால் திருப்பம் தரும் தெளிவை எந்த மென்பொருளும் தராது. பிறகு கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர் போடுங்கள். மைக் துளையில் செருகாதீர்கள், அது ஒலியைச் சிதைக்கும். 24 பிட்டில், உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.

பாட்டு தொடங்குமுன் வரும் வெறும் 'உஸ்' சத்தத்தை வெட்டிவிடாதீர்கள். ஆடாசிட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாகக் கொடுத்து, 6 முதல் 12 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். பேராசைப்பட்டு 24 வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். கரண்ட் உறுமல் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு சுருதியை மட்டும் வெட்டுவது) போதும். கடைசியில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவாக எடுங்கள்.

ஆடாசிட்டி சிடி எழுதாது. எழுதுவதற்கு விண்டோஸில் சிடிபர்னர்எக்ஸ்பி, லினக்ஸில் கே3பி அல்லது பிரசேரோ. இம்ஜ்பர்னும் நல்லதுதான், ஆனால் ஆடியோ சிடிக்கு முதலில் கியூ கோப்பு (டிராக்குகளின் பட்டியல்) உருவாக்கச் சொல்லும், புதியவர்களுக்குச் சுற்றுவழி. எல்லாமே இலவசம். அப்படியிருக்க, கிராக் போட்ட மென்பொருளை இறக்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றுவானேன்? பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளும் வேவை இதே எண்களாகத்தான் எழுதப்போகிறது.

மென்பொருளில் 'ஆடியோ டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டேட்டா டிஸ்க்'கில் எம்பி3 போட்டால் பன்னிரண்டு மணி நேரப் பாட்டுக்கூட அடங்கும், ஆனால் முகப்பில் எம்பி3 என்று போடாத பழைய பிளேயரும் கார் செட்டும் அதைப் படிக்காது. ஆடியோ டிஸ்க்கில் 80 நிமிடம்தான் கொள்ளும். வாங்கும்போது சிடி-ஆர் என்று கேட்டு வாங்குங்கள். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவைப் பல பழைய பிளேயர்கள் ஏற்பதில்லை. கச்சேரி, கும்மி போன்ற தொடர் பதிவுகளுக்கு 'டிஸ்க் அட் ஒன்ஸ்' (முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதுவது) வைத்து இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே 2 நொடி ஊமையாகும். வேகம் 16எக்ஸ் போதும். ஃபைனலைஸ் செய்ய, அதாவது எழுதி முடித்து சிடியை மூட, மறந்துவிட்டு, "உங்க சிடி எங்க பிளேயர்ல ஓடல" என்று வந்து நிற்காதீர்கள். பாட்டுப் பெயரைத் தமிழில் அடித்தால் பெரும்பாலான செட்டுகளில் கட்டங்களாகத்தான் தெரியும், ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

ஒரு கெஞ்சல். அந்த வேவ் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என்று வையுங்கள். உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்'டாக அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு குறையாமல் போய்ச் சேரும். எழுதிய சிடியை மதுரை வெயிலில் கார் டாஷ்போர்டு மேல் போட்டு வைக்காதீர்கள், சாயப் படலம் வெளிறிவிடும். மேல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். பதிவைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அங்கே விழுந்த கீறலைச் சரிசெய்ய வழியில்லை. சிடி மார்க்கரால் நடு வளையத்தில் எழுதினால் போதும்.