மூன்றெழுத்துக்குள் ஒரு வாக்கியம்

1917 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் 'ஓ.எம்.ஜி.' என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஓ மை காட்' என்று விரித்தும் எழுதினார். இன்று செல்போனில் தட்டுகிறோமே, அதே மூன்றெழுத்துதான். எனக்கு அந்த அடைப்புக்குறிதான் முக்கியமாகப் படுகிறது. சுருக்கத்தின் பொருள் படிப்பவரின் நினைவில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் எழுத்துதான்.

சாதாரணப் பேச்சில் தேவைக்கு மேலான தகவல் நிறைய உண்டு. 'நான் வந்தேன்' என்பதில் 'நான்' காதில் விழாவிட்டாலும் நட்டமில்லை. வந்தது யார் என்று 'ஏன்' விகுதி சொல்லிவிடும். இதை மிகைமை என்கிறார்கள். 1948-இல் தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். சுருக்கச் சொல் இந்த மிகைமையைத்தான் துடைத்தெடுக்கிறது. அதனால் வேகம் கிடைக்கிறது. ஆனால் ஓர் எழுத்து தவறாகக் கேட்டாலும் பொருள் மாறிவிடும், ஊகித்துச் சரிசெய்ய வழி கிடையாது.

ராணுவத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இரைச்சலான வானொலியில் பி, சி, டி, ஜி, வி எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். தமிழில் எழுதினால் சிக்கல் இன்னும் பளிச்சென்று தெரியும்: ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்துக்கும் பதினாறாம் எழுத்துக்கும் நாம் எழுதுவது ஒரே 'பி'. அதனால் இரண்டாம் எழுத்தை 'பிராவோ' என்றும் பதினாறாம் எழுத்தை 'பாப்பா' என்றும் சொல்கிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஒரு சொல் தரும் இந்த அட்டவணை, நேட்டோ ராணுவக் கூட்டணியில் 1956-இல் நடைமுறைக்கு வந்தது. சுருக்கியபோது தொலைத்த மிகைமையை வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பச் சேர்க்கும் அருமையான ஏற்பாடு இது.

ஒலியைச் சரிசெய்தாலும் இன்னொரு ஆபத்து மிச்சமிருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் 'ஏ.டி.' என்பது வான் பாதுகாப்பையும் குறிக்கும், முழுநேரப் படைப்பணியையும் குறிக்கும். எது என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இணையத்துக்கு வருவோம். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட்தான் இடம் (ஒரு பைட் என்பது எட்டு பிட்); எழுத்துக்கு ஏழு பிட் என்று கணக்கிட்டால் 160 ஆங்கில எழுத்துகள். அந்த நெருக்கடியில் சுருக்கங்கள் பெருகின. இன்று பக்கம் பக்கமாக அனுப்பலாம், ஆனாலும் சுருக்கங்கள் போகவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. 'லால்' (எல்.ஓ.எல்.) என்பது 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அதைத் தட்டுகிற எல்லோரும் சிரித்துக்கொண்டா இருக்கிறார்கள்? 'கோபமில்லை, இயல்பாகத்தான் சொல்கிறேன்' என்ற தொனியை அது சுமக்கிறது. எழுத்தில் குரல் கிடையாதே, அந்தக் குறையை அது ஈடுகட்டுகிறது.

சுருக்கம் தன் விரிவை விட்டுத் தனிச் சொல்லாகும் இந்தப் பாதையில் வெகுதூரம் போனது ரேடார். 1940-இல் அமெரிக்கக் கடற்படையில், வானொலி அலைகளால் கண்டறிந்து தூரம் அளப்பது என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது. இப்போது யாரும் விரித்துக் கேட்பதில்லை. தமிழிலும் ரேடாரில், ரேடாருக்கு என்று நம் வேற்றுமை உருபுகளை ஏற்று நடமாடிக்கொண்டிருக்கிறது.