முதியோர் இல்லம் பாக்கப் போறீங்களா? குதிகால பாருங்க

நான் கோயம்புத்தூர்ல ஒரு நர்ஸுங்க. கொஞ்ச வருஷம் ஆஸ்பத்திரி வார்டுல இருந்துட்டு, இப்ப வீடு வீடா இல்லம் இல்லமா போய் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்றது, யூரின் டியூப் மாத்தறது, மூக்கு டியூப் போடறதுன்னு ஓடிட்டு இருக்கேன். வாரத்துல நாலஞ்சு முதியோர் இல்லத்துக்கு போயிருவேன், அதுவும் ஆபீஸ் ரூம்ல சோபாவுல உக்கார வச்சு காபி குடுக்கற பக்கம் இல்ல, நேரா கட்டிலுக்கு. (நர்சிங் ஹோம்னு கேட்டு சில பேர் போன் பண்றாங்க, நம்ம ஊர்ல அப்படி சொன்னா சின்ன ஆஸ்பத்திரின்னு தான் அர்த்தம். நான் சொல்றது மாசாமாசம் காசு வாங்கிட்டு வயசானவங்கள வச்சு பாத்துக்கற இடம்.)

"சிஸ்டர், அந்த இடம் எப்படி, அம்மாவ சேக்கலாமா"ன்னு கேக்கறவங்க எல்லாரும் போய் பாத்துட்டு வந்து சொல்றது ஒரே மாதிரி தான் இருக்கும், கார்டன் இருக்கு, லிஃப்ட் இருக்கு, உள்ளயே பிள்ளையார் கோயில் இருக்கு, ரூம்ல ஏசி டிவி எல்லாம் இருக்கு. உங்கம்மா படுத்த படுக்கைங்க, கார்டன்ல யாரு நடக்கறது?

நான் உள்ள போனதும் முதல்ல பாக்கறது கால். போர்வைய கொஞ்சம் தூக்கி குதிகால பாப்பேன். ஒரே பக்கமா மல்லாக்க படுத்து கெடந்தா உடம்பு வெயிட் பூரா குதிகால்லயும் முதுகுக்கு கீழ இடுப்பு எலும்புலயும் தான் இறங்கும், அப்புறம் இடுப்பு சைடு, முழங்கை, பின்மண்டை. அங்க ரத்த ஓட்டம் நின்னு தோல் செத்துப் போறது தான் படுக்கைப் புண். அதுக்குத்தான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்னு சொல்றது. புண்ணு ஆரம்பிக்கறப்ப செவக்கும்னு படிச்சிருப்பீங்க, விரல் வச்சு அழுத்தினா வெளுக்காதும்பாங்க, அதெல்லாம் வெள்ளத் தோலுக்கு சரிங்க. நம்ம கலருக்கு செவப்பு எங்க தெரியுது? சுத்தி இருக்கற தோல விட கறுத்து, லேசா ஊதா அடிச்ச மாதிரி இருக்கும், தொட்டா சூடாவோ கல்லு மாதிரியோ இருக்கும். கைய வச்சுத்தான் பாக்கணும்.

ஒரு இடத்துல இருந்து கூப்பிட்டாங்க, பேர் வேணாம். "சின்ன புண்ணு தான் சிஸ்டர், ரெண்டு நாள் வந்தா போதும்". ரூமுக்குள்ள போனா ரூம் ஸ்பிரே வாசம் மூஞ்சில அடிக்குது, புண்ணு நாத்தத்த மறைக்கறாங்கன்னு அப்பவே எனக்கு தெரிஞ்சு போச்சு. ஐயாவுக்கு எம்பது வயசுக்கு மேல, பையன் வெளிநாட்டுல. பிளாஸ்டர எடுத்தா மேல அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு ஒரு ஓட்டை, சின்னது தான். உள்ள கிளவுஸ் விரல விட்டா நாலா பக்கமும் போகுது, டிரெஸ்ஸிங் பண்ற காஸ் துணிய சுருட்டி சுருட்டி வைக்கறேன், வச்சுக்கிட்டே இருக்கேன். புண்ணு வராம இருக்க மோட்டார் வச்சு காத்து அடிக்கற காத்து பெட் ஒண்ணு பையன் வாங்கிக் குடுத்தது கட்டில்ல விரிச்சு தான் இருந்துச்சு, மோட்டார் சுவிட்ச் ஆஃப். ஏன்னு கேட்டா ராத்திரி சத்தம் வருதாம். (ஓடினாலும் காத்து பெட் இருந்தா திருப்பவே வேண்டாம்னு நெனைக்காதீங்க, அது ஒத்தாசைக்கு தான்.) கட்டில் கால்மாட்டுல சார்ட் தொங்குச்சு, ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்தப் பக்கம் திருப்பினோம்னு டிக் போட்டு கையெழுத்து போடற சார்ட். நான் போனது காலைல பதினொரு மணி. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டிக் போட்டு முடிச்சிருந்தாங்க.

அதனால நீங்க போற இடத்துலயும் சார்ட்ட கேட்டு வாங்கிப் பாருங்க, நேரத்தோட பாருங்க. எல்லா டிக்கும் ஒரே பேனாவுல ஒரே சாய்வுல இருந்தா ஒருத்தரே உக்காந்து ஒரு மூச்சுல போட்டதுன்னு அர்த்தம்.

அடுத்தது தண்ணி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவங்களுக்கு வலது பக்கம் டம்ளர வச்சு மேல மூடியும் போட்டு வச்சிருப்பாங்க, ரூம் பாக்க லட்சணமா தான் இருக்கும், ஆனா அவங்களால எடுக்க முடியாது. வயசானா தாகமே சரியா தெரியாது, நாம தான் கேட்டுக் கேட்டு குடுக்கணும். சில இடத்துல வேணும்னே கொறச்சு குடுக்கறாங்க, டயபர் மாத்தற வேலை மிச்சம்னு. கொஞ்ச நாள்ல யூரின்ல கிருமி வந்து திடீர்னு ஏதேதோ பேசுவாங்க, செத்துப்போன தம்பி வந்துருக்கான்னு சொல்லுவாங்க, உடனே "வயசாச்சுங்க, புத்தி பிசகிருச்சு"ன்னு நமக்கு போன் வரும். நேத்து வரைக்கும் நல்லா பேசினவங்க இன்னிக்கு உளறினா அது வயசு இல்லைங்க, டாக்டர் பாக்க வேண்டிய அவசரம். நாக்கு காஞ்சிருக்கா, யூரின் பேக்ல கலர் எப்படி இருக்கு, அந்த பேக் தரையில கெடக்காம அதே சமயம் இடுப்புக்கு கீழ தொங்குதா, இத பாக்க நர்ஸ் படிப்பு வேண்டாம்.

ரொம்ப அமைதியா இருக்கற இடத்த பாத்து மயங்காதீங்க. பகல் பதினோரு மணிக்கு ஹால்ல பத்து பேரும் தலை தொங்கி தூங்கினா எனக்கு பயமா இருக்கும். ராத்திரி கத்தறாங்க, எந்திரிச்சு நடக்கறாங்கன்னு தூங்கற மாத்திரை, மனநோய்க்கு குடுக்கற மாத்திரை எல்லாம் போட்டு வைக்கற இடம் இருக்கு. மறதி நோய் உள்ள வயசானவங்களுக்கு அந்த மனநோய் மாத்திரைய குடுத்தா உயிரிழப்பு அதிகமாகுதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2005லயே கருப்புக் கட்டம் போட்டு, அதாவது மருந்துக்கு குடுக்கறதுலயே கடுமையான எச்சரிக்கைய, குடுத்திருச்சு. சில பேருக்கு டாக்டரே யோசிச்சு கொஞ்ச நாளைக்கு எழுதுவார், அது வேற. எந்த டாக்டர், எதுக்கு, எவ்வளவு நாளைக்குன்னு சீட்ட காட்டச் சொல்லுங்க. அதே மாதிரி மணிக்கட்டுல துணி கட்டின தழும்பு இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துருங்க.

"எங்க கிட்ட இதுவரைக்கும் ஒருத்தர் கூட கீழ விழுந்ததே இல்ல"ன்னு பெருமையா சொன்னாங்கன்னா நான் அந்த இடத்த நம்ப மாட்டேன், ஒண்ணு கட்டிப் போட்டிருக்கணும் இல்ல மறைக்கறாங்க. ராத்திரி பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க, நாங்க இன்ன இன்ன பண்ணினோம்னு அவங்களே விடியறதுக்குள்ள போன் போட்டு சொல்ற இடம் தேவல.

போறது ஞாயித்துக்கிழமை போங்க, இல்ல ராத்திரி ஏழரை மணிக்கு மேல. காலைல மேனேஜர் இருப்பாரு, எல்லாம் பளபளன்னு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த மாடில எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க, அதுல நர்ஸ் படிச்சவங்க எத்தனை பேர்னு கேளுங்க. நீல யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாரும் நர்ஸ் இல்ல. அவங்கள நான் குத்தம் சொல்லல, பன்னெண்டு மணி நேர டியூட்டி, இருபது பேருக்கு ஒரு ஆள், சம்பளத்த கேட்டா உங்களுக்கே சங்கடமா இருக்கும், அந்தப் பொண்ணு எத்தனை பேர தாங்க திருப்பும்?

இத்தனையும் சொல்லிட்டு நல்ல இடத்தயும் சொல்லணும்ல. மேல ஷீட் போட்ட ஒரு சாதா கட்டிடம், போர்டு கூட வெளிறிப் போயிருக்கும். அங்க ஒரு அக்கா, எட்டாவது வரைக்கும் தான் படிச்சிருக்காங்க. ஒரு பாட்டிக்கு கஞ்சி ஊட்டிட்டு இருந்தாங்க, கட்டில நல்லா நிமித்தி உக்கார வச்சு, ஒரு ஸ்பூன் குடுத்துட்டு "முழுங்கியாச்சா, ஆ காட்டு கண்ணு"ன்னு வாய பாத்துட்டு தான் அடுத்த ஸ்பூன். அரை டம்ளர் கஞ்சிக்கு அரை மணி நேரம். அந்தப் பாட்டி வருஷக்கணக்கா படுக்கை, ஒடம்புல ஒரு புண்ணு கெடையாது. மூக்கு டியூப்ல குடுக்கறதா இருந்தாலும் தலைமாடு முப்பது டிகிரிக்கு மேல தூக்கி தான் குடுக்கணும், குடுத்த உடனே படுக்க வைக்கக் கூடாது, இல்லன்னா நெஞ்சுக்குள்ள போய் நிமோனியா வந்துரும். இது எத்தனையோ பெரிய இடத்துல தெரியல, அந்த அக்காவுக்கு தெரியுது.

எடைய மாசம் ஒருக்கா எழுதறாங்களான்னு கேளுங்க, 60 கிலோ இருந்தவங்க ஒரே மாசத்துல 3 கிலோ கொறஞ்சா ஏன்னு பாக்கணும். டெபாசிட் எவ்வளவு திரும்ப வரும், ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனா கூட யாரு இருப்பாங்க, இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கங்க. சமூக நலத்துறையில பதிவு பண்ணின இடமான்னு கேட்டா கோவிச்சுக்கறவங்க கிட்ட சேக்காதீங்க. ஏதாவது தப்பா பட்டா யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலன்னா 14567க்கு அடிங்க, முதியோருக்கான உதவி எண், காசு இல்ல.

வெளிநாட்டுல இருக்கறவங்க வீடியோ கால்ல என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. பவுடர் போட்டு பொட்டு வச்சு உக்கார வச்சு தான் காட்டுவாங்க, நல்லா தான் தெரியும். அம்மாகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, போன வாங்கற பொண்ணுகிட்ட அப்படியே போர்வைய விலக்கி குதிகால காட்டும்மான்னு சொல்லுங்க. முதல் தடவ ஒரு மாதிரி பாப்பாங்க. ரெண்டு மூணு வாரம் விடாம கேளுங்க, அப்புறம் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே கேமரா அங்க போகும்.