பொட்டலத்தைப் பிரிக்கும் பாக்டீரியா

குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் உடல் எடைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா? ஒரு பழைய ஆய்விலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரி கோல்டின் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 20 பெண்களின் மலத்தைச் சேகரித்து எடைபோட்டார்கள். 10 பேர் சைவம், 10 பேர் அசைவம். எல்லோரும் மாதவிடாய் நிற்காத வயதினர். 1982இல் வெளியான முடிவு இது: சைவப் பெண்களுக்கு மலம் அதிகம், அதோடு வெளியேறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் அதிகம். மலத்தில் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு ரத்தத்தில் அது குறைந்திருந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்பட்டு வளர்பவை. ரத்தத்தில் அது எவ்வளவு சுற்றுகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

சுரந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் சும்மா விடுவதில்லை. பிடித்து, குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை சார்ந்த துண்டு ஒன்றை அதோடு ஒட்டுகிறது. கொழுப்பில் கரைந்துகொண்டிருந்த பொருள் இப்போது நீரில் கரையும். ஹார்மோனாக வேலையும் செய்யாது. வெளியே அனுப்புவதற்காகக் கட்டிய பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சிறுநீரில் போய்விடும். இன்னொரு பங்கு பித்தநீரோடு குடலில் வந்து இறங்கும்.

அங்கே பாக்டீரியா பசியோடு காத்திருக்கிறது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் தேவையில்லை, ஒட்டியிருக்கும் அந்தத் துண்டுதான் தேவை. பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதியால் அதை வெட்டி எடுத்துத் தின்கிறது. பொட்டலம் பிரிந்ததும் உள்ளே இருந்த ஈஸ்ட்ரோஜன் மறுபடி குடல் சுவர் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. கோல்டின் குழு இதையும் அளந்திருந்தது: சைவப் பெண்களின் குடல் பாக்டீரியாவில் இந்த நொதியின் வேகம் குறைவு. ஈஸ்ட்ரோஜனைக் கையாளும் பாக்டீரிய மரபணுக்கள் அனைத்துக்கும் சேர்த்து 'ஈஸ்ட்ரோபோலோம்' என்று 2011இல் பெயர் வைத்தார்கள் கிளாடியா பிளாட்டலும் மார்ட்டின் பிளேசரும்.

இதே நொதி வேறொரு இடத்திலும் தொல்லை தருகிறது. இரினோடீகான் என்ற புற்றுநோய் மருந்தையும் கல்லீரல் இப்படித்தான் பொட்டலம் கட்டி அனுப்பும். பாக்டீரியா குடலுக்குள்ளேயே அதைப் பிரித்துவிடும். அந்த மருந்து எடுப்பவர்களைக் கடும் வயிற்றுப்போக்கு பாடாய்ப்படுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, உடல் எடை எங்கே வருகிறது? மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் தயாராகும் முக்கிய இடம் கொழுப்புத் திசு. அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் உற்பத்தியும் கூடும். அந்த வயதில் பருமன் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதற்கு இது ஒரு காரணம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் முடக்குவதும் இந்த அரோமடேஸைத்தான். வேடிக்கை என்னவென்றால், மாதவிடாய் நிற்பதற்கு முன் கணக்கு தலைகீழ்: அந்த வயதில் பருமனான பெண்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் குறைவாகவே தெரிகிறது. எடை என்றாலே ஆபத்து என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

அந்தக் கொழுப்பு சேர்வதிலும் பாக்டீரியாவுக்குக் கை உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வகத்தில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது, அதுவும் முன்பைவிடக் குறைவாகத் தின்று! 2004இல் வந்தது இந்த ஆய்வு. இரண்டு ஆண்டு கழித்து, குண்டு எலியின் பாக்டீரியாவை ஏற்றிய எலிகளுக்குக் கொழுப்பு 47 சதவீதமும், ஒல்லி எலியினுடையதை ஏற்றியவற்றுக்கு 27 சதவீதமும் கூடியது. நமக்குச் செரிக்காத நாரிலிருந்துகூட இந்தப் பாக்டீரியா கொஞ்சம் கலோரியைப் பிழிந்து தந்துவிடும். ஆனால் எலி எலிதான். மனிதர்களின் எடையில் பாக்டீரியாவின் பங்கு இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

இதைப் படித்துவிட்டு, 'நல்ல பாக்டீரியா' அடைத்து விற்கும் புரோபயாடிக் டப்பா வாங்க ஓட வேண்டாம். அது மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. 'சைவம்' என்ற பலகையும் போதாது. மைதா பூரியும் ஜாங்கிரியும் சைவம்தானே. பாஸ்டன் பெண்களிடம் இருந்த வித்தியாசம் தட்டில் தெரிந்தது: சைவப் பெண்கள் நாளுக்கு 28 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டார்கள், மற்றவர்கள் 12 கிராம். சைவப் பெண்களின் சாப்பாட்டில் கொழுப்பும் குறைவு.

பொட்டலக் கதையோடு எல்லாம் முடிந்துவிட்டால் வசதியாக இருந்திருக்கும். 2015இல் மாதவிடாய் நின்ற 48 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை, நோயில்லாத 48 பேரோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவு. ஆனால் அந்த வித்தியாசம் ஈஸ்ட்ரோஜன் அளவைச் சார்ந்திருக்கவில்லை. அதனால் இப்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீதும், பருமனான உடம்பில் விடாமல் கனலும் அழற்சியின் மீதும் ஆய்வாளர்களின் சந்தேகம் திரும்பியிருக்கிறது.