ஒப்புருவாக்கம்: சொல் விளக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலைக்குப் புதுக் கட்டடம் வரைந்த பொறியாளர், 'கணிப்பொறியில் காற்றோட்டச் சிமுலேஷன் பார்த்துவிட்டுச் சன்னல்களை முடிவு செய்வோம்' என்றார். 'இதுக்குத் தமிழ்ல என்னங்க சொல்றது?' என்று கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்; மலையாளத்தில் 'அனுகரணம்' என்பார்கள் என்பதற்கு மேல் அன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

'ஒத்தது' எனப் பொருள்படும் 'சிமிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது 'சிமுலேஷன்'. ஆங்கிலத்தில் முதலில் பாசாங்கையே குறித்தது. ஒன்றின் நடத்தையைக் கணக்கின் வழியே நடத்திப் பார்த்தல் என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டில், கணிப்பொறியோடு நிலைபெற்றது.

தமிழில் 'பாவனையாக்கம்' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் 'பாவன' மலையாளத்தில் கற்பனை, 'பாவனை' இலங்கைத் தமிழில் பயன்பாடு. இரு மொழியும் புழங்கும் எல்லையூரில் அச்சொல் குழப்பத்தையே தரும். 'உருவகப்படுத்தல்' பரவலாக வழங்கினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. 'மதி போன்ற முகம்' உவமை. 'முகமதி' உருவகம், அதில் 'போன்ற' மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கணிப்பொறிக்குள் வீசும் காற்றோ காற்றைப் போன்றதே அன்றி, காற்று அன்று. அந்தப் 'போன்ற' என்பதைக் கைவிடாத 'ஒப்புருவாக்கம்' என்பதே பொருந்தும்.

சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டடங்களில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. பாரிஸில் 1987இல் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனத்தின் தெற்கு முகப்பில் வெளிச்சத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் துளைகளும், அபுதாபியில் 2012இல் முடிந்த அல் பஹார் கோபுரங்களில் வெயிலின் போக்கை ஒட்டி மடங்கும் திரைகளும் அமைந்தன. இத்தகைய அமைப்புகளை முன்கூட்டியே சோதிக்க ஒப்புருவாக்கம் உதவுகிறது. காற்றோட்டத்தை முழுமையாகக் கணக்கிட மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால், முன்பு செய்த பல ஒப்புருவாக்கங்களின் முடிவுகளைக் கற்ற செயற்கை நுண்ணறிவு, புதிய வடிவமைப்புக்கான விடையை நொடிகளில் மதிப்பிட்டுத் தருகிறது. அவ்விடை ஒப்புக்கு ஒப்பு என்பதை மறக்கலாகாது.

எங்கள் ஊர் இருக்கும் பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் மேல்காற்றும், மார்கழியில் வறண்ட கீழ்காற்றும் வேகமாக வீசும். அடுத்த கூட்டத்தில் இச்சொல்லைச் சொன்னதும், 'எந்த ஊர்க் காத்துக்கு ஒப்புங்க?' என்று அதே பெரியவர் கேட்டார். பொறியாளர் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் இருந்தது கொச்சியின் காற்று. சன்னல்களின் முடிவை நிறுத்திவைத்து, கணவாய்க்குள் அளந்த காற்றுக் கணக்கை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.